ஊரையே நந்தவனமாகக் கண்ட பேராசிரியர்

திருவண்ணாமலைக்குச் செல்லும் யாத்ரிகர்கள் முதலில் காண்பது மலை. அடுத்தபடி காண்பது 217 அடி உயரமுள்ள ராஜகோபுரம். இவ்விரண்டையும் கண்டு கைகூப்பி, அண்ணாமலையார் தரிசனம் முடித்து, சுமார் 14 கிலோமீட்டர் தூரமுள்ள கிரிப் பிரதக்ஷிணப் பாதையில் எட்டு லிங்கங்களையும் வணங்கிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். தேர் திரும்புவதற்கு வேண்டிய அகலமான வீதிகள், கோயிலுக்குள்ளே சிவகங்கைத் தீர்த்தம், பிரம்ம தீர்த்தம், ஊருக்குள்ளே ஐயங்குளம், ஸ்தல விருக்ஷமாகிய மகிழ மரம், பூஜைக்குப் புஷ்பம் தரும் நந்தவனம், பாதையோரத்து மண்டபம், நிழல் மரம் ஆகிய இவை எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தோன்றியவை அல்ல என்பதை நின்று யோசிப்பவர்கள் சிலரே. மலையில் பெய்த மழை குளத்தில் தங்கியது. குளத்து நீரால் கிணறு ஊறியது. கிணற்று நீரால் நந்தவனம் பூத்தது. நந்தவனத்துப் பூ ஸ்வாமிக்கு மாலையாயிற்று. ஊர் முழுவதும் ஒரே தோட்டமாக இருந்தது.

நம் முன்னோர் செய்த இக்காரியத்துக்கு அவர்கள் திட்டம் என்று பெயரிடவில்லை, அறிக்கை எழுதவில்லை, வரைபடம் அச்சிடவில்லை. ஆதலால் ஆங்கிலப் படிப்பு நம்மிடையே பரவிய காலத்தில், நம் ஊர்களுக்குத் திட்டமே கிடையாது என்றும், சந்து பொந்துகளை இடித்து நேர்கோட்டில் தெரு போடுவதே நாகரிகம் என்றும் படித்தவர்களே நம்பலாயினர். அக்காலத்தில் கடல் கடந்து வந்து, நம் கோயில் நகரங்களின் வீதிகளில் நாட்கணக்காக நடந்து, இவை பண்படாத ஊர்கள் அல்ல, ஆழ்ந்த யோசனையோடு அமைக்கப்பட்ட நகரங்கள் என்று எழுதிவைத்த மேனாட்டறிஞர் ஒருவர் உண்டு. அவர்தான் ஸ்காட்லாந்து தேசத்துப் பேராசிரியர் பாட்ரிக் கெட்டிஸ். தாவர சாஸ்திரியாகத் தொடங்கித் தோட்டம் வைப்பவராகி, தோட்டக் கலையிலிருந்து நகர நிர்மாணக் கலையைக் கண்டெடுத்த அப்பெரியாரின் சரித்திரத்தை நம் தேசத் தொண்டர்கள் அறிந்திருப்பது நலம்.

கெட்டிஸ் 1854-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். சரியாகப் பதினைந்து வருஷங்களுக்குப் பின் அதே தேதியில் போர்பந்தரில் மகாத்மா காந்தி பிறந்தார் என்பதை நேயர்கள் நினைவில் வைப்பார்களாக. தந்தை பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்தவர். பிள்ளை குழந்தையாயிருக்கும்போதே குடும்பம் பெர்த் நகரத்துக்கு அருகே ஒரு குன்றுச் சரிவிலுள்ள சிறு வீட்டுக்குக் குடியேறியது. அவ்வீட்டைச் சுற்றிக் காய்கறிப் பாத்தியும் பழ மரமும் பூச்செடியும் நிறைந்த தோட்டம் இருந்தது. தந்தையார் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மண்ணைக் கொத்தவும் கிழங்கு ஊன்றவும் கற்பித்தார். குன்றின்மேல் அழைத்துச் சென்று ஆறும் வயலும் ஊரும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று காட்டினார். பிற்காலத்தில் கெட்டிஸ் எத்தனையோ கலாசாலைகளைக் கண்டார். ஆனால் அவருடைய முதற்பள்ளி அந்தத் தோட்டமே.

சில காலம் வங்கியில் வேலை பார்த்தார், மனம் ஒட்டவில்லை. 1874-ல் எடின்பரோ சர்வகலாசாலையில் தாவர சாஸ்திரம் படிக்கச் சேர்ந்தார். அங்கே உயிருள்ள செடியை விட்டுவிட்டு, உலர்ந்த செடிக்குப் பெயரிடுவதையே படிப்பாகக் கொண்டிருந்தார்கள். ஒரே வாரத்தில் அதை விட்டு லண்டனுக்குச் சென்று, அக்காலத்துப் பிரபல விஞ்ஞானியாகிய ஹக்ஸ்லியிடம் மாணவரானார். பட்டம் எதுவும் வாங்கவில்லை. வாழ்நாள் முழுவதும் பட்டமில்லாத பேராசிரியராகவே அவர் விளங்கினார்.

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ தேசத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. வாரக்கணக்காக இருட்டறையில் படுத்திருக்க நேர்ந்தது. நுண்ணோக்கிக் கருவியைக் கொண்டு வாழ்நாளைக் கழிக்க நினைத்த இளைஞனுக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன வேண்டும்? அந்த இருட்டில் அவர் கையில் ஒரு காகிதத்தை மடித்து மடித்துக் கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தடவி, இடம், தொழில், ஜனங்கள் என்னும் மூன்றும் ஒன்றையொன்று எவ்விதம் ஆக்குகின்றன என்று யோசித்தார். பார்வை திரும்பிற்று, ஆயினும் நீண்ட நேரம் நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் சக்தி குறைந்துபோயிற்று. ஆகவே அவர் சிறிய உயிரை விட்டுப் பெரிய உயிரைப் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பெரிய உயிர்தான் நகரம்.

1886-ல் அன்னா மார்ட்டன் என்னும் பெண்மணியை மணந்தார். அக்காலத்தில் எடின்பரோவின் பழைய நகரம் ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் சேரியாய்க் கிடந்தது. வசதியுள்ளவர்கள் அதை விட்டுப் புது நகரத்துக்குப் போய்விட்டார்கள். கெட்டிஸ் தம்பதிகளோ வசதியான வீட்டை விட்டு, அந்தச் சேரி நடுவிலே ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தில் குடியேறினார்கள். பிரசங்கம் செய்யவில்லை, துடைப்பத்தையும் சுண்ணாம்பையும் கையில் எடுத்தார்கள். சுவரை வெளுத்தார்கள், ஜன்னலோரம் மரப்பெட்டியில் பூச்செடி வைத்தார்கள். அண்டை வீட்டார் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு உதவிக்கு வந்தார்கள். இடிந்த வீடுகளைச் செப்பனிட்டு மாணவர் விடுதியாக்கினார். 1892-ல் கோட்டைக்கு அருகிலுள்ள ஓர் உயரமான கட்டடத்தை வாங்கி, மாடியிலிருந்து நகரம் முழுவதையும் பார்த்து, கீழ்த்தளங்களில் நகரம், நாடு, உலகம் என்று படிப்படியாகக் கற்கும் பொருட்காட்சிச் சாலையாக அமைத்தார்.

அவருக்கு ஜீவனம் தந்தது தாவர சாஸ்திரப் பேராசிரியர் பதவி. 1888-ல் எடின்பரோவில் அப்பதவிக்கு விண்ணப்பித்து ஏமாற்றமடைந்தார். அதே வருஷம் டண்டி நகரத்துக் கலாசாலையில் அந்தப் பதவி கிடைத்தது. கோடைக்கால மூன்று மாதம் மட்டும் பாடம் சொன்னால் போதும் என்ற ஏற்பாடு. 1919 வரை அதில் இருந்தார். அங்கே கலாசாலை நிலத்தில் செடிகளை நட்டுத் தோட்டத்தையே பாடசாலையாக்கினார். இலை ஒன்றே உலகத்தின் மெய்யான செல்வம், நாணயமும் நோட்டும் அதன் நிழல் என்பது அவர் மாணவர்களுக்கு ஓயாமல் வற்புறுத்திய உண்மை. நம் நாட்டில் உழவனுக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் தொழிற்சாலைப் புகையில் முழுகியிருந்த அந்நாட்டில் இது புதுமையாய் ஒலித்தது.

தோட்டம் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1904-ல் வெளிவந்தது. கோடீசுவரரான ஆண்ட்ரூ கார்னெகி, தாம் பிறந்த டன்பர்ம்லின் நகரத்துக்கு ஒரு பெரிய தோப்பை வாங்கித் தானம் செய்தார். அதை எப்படி அழகுபடுத்தலாம் என்று யோசனை கூறும்படி தர்மகர்த்தர்கள் கெட்டிஸைக் கேட்டார்கள். கேட்டது ஒரு தோட்டத்தின் வரைபடம். அவர் கொடுத்தது ஒரு நகரத்தின் சரித்திரமும் வருங்காலமும் அடங்கிய புத்தகம். பூங்கா, தோட்டம், கல்வி ஸ்தாபனம் ஆகிய மூன்றும் ஒரே வளர்ச்சியின் அங்கங்கள் என்பது அதன் கருத்து. பாத்தி எங்கே, பூ எந்த நிறம் என்று அவர் தொடங்கவில்லை. தோப்பின் வழியே ஓடும் அசுத்தமான ஓடையைச் சுத்தம் செய்வதிலே தொடங்கினார். ஓடை அழுக்காக இருக்கையில் கரையில் ரோஜா வைப்பது வீண் என்பது அவர் தீர்ப்பு. ஒவ்வோர் இடத்தையும் புகைப்படம் எடுத்து, இப்பொழுது இருக்கும் நிலையையும், மாற்றியபின் இருக்கும் தோற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தர்மகர்த்தர்கள் செலவைக் கண்டு பயந்து அத்திட்டத்தை ஏற்கவில்லை. புத்தகம் மட்டும் நிலைத்தது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் கெர்ட்ரூட் ஜீகில் என்னும் அம்மையார் தோட்டக் கலை எழுத்தாளர்களில் தலைசிறந்து விளங்கினார். ஓவியன் வர்ணங்களைச் சேர்ப்பது போலப் பூக்களின் நிறங்களைச் சேர்த்து வரப்பு வரப்பாக நடும் முறையை அவர் புகழ்பெறச் செய்தார். அவரோடு கூடி வேலை செய்த சிற்பி லட்யென்ஸ் என்பவரே பிறகு புது டில்லியை நிர்மாணித்தவர்களில் முதன்மையானவர். ஜீகில் அம்மையாரின் கலை உயர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய தோட்டங்களில் பெரும்பாலானவை செல்வர் மாளிகைகளைச் சுற்றி மதிலுக்குள் மலர்ந்தவை. கெட்டிஸ் நாடியதோ மதில் இல்லாத தோட்டம். அம்மையாரும் கெட்டிஸும் ஒரே வருஷத்தில், 1932-ல், காலமானார்கள். ஒருவர் தோட்டத்தைச் சித்திரமாகக் கண்டார். மற்றவர் அதைத் தர்மமாகக் கண்டார்.

அந்தத் தர்மம் வெறும் பேச்சாக நிற்கவில்லை. 1908 முதல் கெட்டிஸும் அவருடைய நண்பர்களும் எடின்பரோவின் பழைய நகரத்தைத் தெருத் தெருவாக நடந்து, உபயோகமின்றிக் குப்பைமேடாய்க் கிடந்த துண்டு நிலங்களைக் கணக்கெடுத்தார்கள். எழுபதுக்கு மேற்பட்ட மனைகள். எல்லாம் சேர்ந்து சுமார் 10 ஏக்கர். இடமே இல்லை என்று எல்லோரும் சொல்லிவந்த சேரியில் இவ்வளவு இடம் இருந்தது! அவற்றில் ஒவ்வொன்றாக எடுத்துச் சிறு தோட்டங்களாக்கினார்கள். அவருடைய புதல்வி நோரா பாத்திகளை வகுத்தார். சேரிக் குழந்தைகளே குப்பையை அள்ளினார்கள், மண்ணைக் கொத்தினார்கள், நீர் ஊற்றினார்கள். கையால் நட்ட செடியைக் குழந்தை பிடுங்காது என்ற நம்பிக்கையே அத்தோட்டங்களுக்குக் காவல்.

இனி அவர் நம் நாட்டுக்கு வந்த கதை. சென்னை கவர்னராயிருந்த பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914-ல் கெட்டிஸ் மூத்த குமாரர் அலஸ்டேருடன் புறப்பட்டார். பல வருஷ உழைப்பில் சேர்த்த நகரக் கண்காட்சிப் படங்களையும் வரைபடங்களையும் கிளான் கிராண்ட் என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். ஐரோப்பிய யுத்தம் மூண்டுவிட்டது. அவ்வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பல் எம்டனைத் தமிழர்கள் இன்றளவும் மறக்கவில்லை. அதே எம்டன் அக்டோபரில் கிளான் கிராண்ட் கப்பலையும் கடலில் மூழ்கடித்தது. கண்காட்சி முழுவதும் கடலடியில் போய்விட்டது. வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். கெட்டிஸோ நண்பர்களுக்கு எழுதி, புதிய படங்களைத் திரட்டி, 1915 ஜனவரியில் சென்னை சர்வகலாசாலை மண்டபத்தில் கண்காட்சியைத் திறந்துவிட்டார்.

பிறகு சென்னை ராஜதானியின் ஊர்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் வேலை தொடங்கியது. உத்தியோகஸ்தர்கள் செய்வதுபோல் அவர் முகாமில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு கிழிக்கவில்லை. காலையிலும் மாலையிலும் சந்து சந்தாக நடந்தார். கிணறு எங்கே, குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் எங்கே, பாழ்மனை எது, ஜனங்கள் மாலையில் எங்கே கூடுகிறார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டார். வைத்தியன் நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது. ஊரை ஆராயாமல் திட்டம் போடக் கூடாது. இதுவே அவருடைய முதல் விதி.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் இருந்த நெருக்கமான பகுதி அவருடைய முறைக்கு நல்ல உதாரணம். அப்பகுதியைக் குறுக்கும் நெடுக்குமாக இடித்து, சதுரங்கக் கட்டம்போல் நேர்த்தெருக்கள் போடவேண்டும் என்று ஏற்கனவே ஒரு யோசனை இருந்தது. அதனால் நல்ல வீடுகள் பல இடிபடும். குடியிருந்தவர்கள் வேறு எங்கோ போய் முன்னைவிட நெருக்கமாக வாழ்வார்கள். செலவோ மிக அதிகம். கெட்டிஸ் இடிந்து பாழாய்க் கிடந்த வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, பழைய சந்துகளைச் சிறிது திருத்தி, கிடைத்த இடத்தில் சிறு முற்றவெளிகளை அமைத்து, மரம் நட்டு நிழல் உண்டாக்கலாம் என்று காட்டினார். செலவு முன்னைய யோசனையில் ஒரு சிறு பங்கே. உறுப்பை வெட்டி எறியாமல் உயிரைக் காக்கும் ரண சிகிச்சை என்று இம்முறையைச் சொல்லலாம். தோட்டக்காரன் செடியைக் கத்தரிப்பது போல்தான் இதுவும்; பட்டுப்போன கிளையை எடுப்பானே தவிர வேரை அறுக்கமாட்டான்.

குளங்கள் விஷயத்தில் அவர் சர்க்கார் சுகாதார உத்தியோகஸ்தர்களோடு நேராக மோதினார். குளத்தில் கொசு உண்டாகிறது, கொசுவால் மலேரியா வருகிறது, ஆகவே குளத்தைத் தூர்த்துவிடு என்பது அவர்கள் சித்தாந்தம். குளம் ஊரைக் குளிர்விக்கிறது, கிணற்றை ஊறவைக்கிறது, வெள்ளத்தைத் தாங்குகிறது, கண்ணுக்கும் மனத்துக்கும் ஆறுதல் தருகிறது என்று கெட்டிஸ் வாதித்தார். கொசுவுக்குப் பரிகாரம், குளத்தைத் தூர்வாரி, மீனையும் வாத்தையும் விட்டுப் பராமரிப்பதே என்றார். கோளாறு பராமரிப்பில் இருக்கையில் குளத்தின்மேல் பழிபோடுவது என்ன நியாயம்?

வீட்டு முற்றத்துத் துளசி மாடத்தை அவர் மிகவும் மதித்தார். ஒழுங்குள்ள குடும்பத்துக்கு அது அடையாளம் என்றும், அந்த ஒழுங்கு வீட்டிலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து நகரத்துக்கும் விரிவதே நகர நிர்மாணம் என்றும் கருதினார். தென்னாட்டுக் கோயில் நகரங்களைப் பற்றி 1919-ல் கல்கத்தாவில் வெளியான மாடர்ன் ரிவியூ பத்திரிகையில் தனிக் கட்டுரையே எழுதினார். அவருடைய நகரக் கண்காட்சியும் அறிக்கைகளும் வந்து சில வருஷங்களுக்குள், 1920-ல், சென்னை ராஜதானிக்கு நகர நிர்மாணச் சட்டம் வந்தது.

கெட்டிஸின் வாழ்வில் 1917-ம் வருஷம் கொடிய வருஷம். அவரோடு சென்னைக்கு வந்து உதவிய குமாரர் அலஸ்டேர் யுத்தத்தில் சேர்ந்து, ஏப்ரலில் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். செய்தி வந்தபோது அன்னா அம்மையார் கடும் நோயில் படுத்திருந்தார். மகன் இறந்ததை அவரிடம் சொல்லக் கணவருக்கு மனம் வரவில்லை. இறந்த மகனின் பழைய கடிதங்களை அருகிலிருந்து வாசித்துக் காட்டிவந்தார். ஜூனில் கல்கத்தாவில் அம்மையார், மகன் உயிரோடிருப்பதாகவே எண்ணிக் கண்மூடினார். தலைமகனையும் வாழ்க்கைத் துணைவியையும் மூன்று மாதத்துக்குள் இழந்த அந்த அறுபத்திரண்டு வயதுக் கிழவர் ஊர் திரும்பவில்லை. மறுபடியும் இந்திய நகரங்களின் சந்துகளில் நடக்கத் தொடங்கினார்.

அடுத்த வருஷம் இந்தூர் சமஸ்தானத்துக்காக அவர் எழுதிய அறிக்கை இரண்டு பெரிய பாகங்கள் கொண்டது. அவருடைய இந்திய வேலைகளில் தலையாயது அதுவே. அவ்வூரில் பிளேக் நோய் பரவியிருந்தது. மகாராஜாவிடம் ஒரு நாள் ராஜாவாக இருக்கும் அதிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தீபாவளி ஊர்வலத்தையே சுகாதாரப் பிரசாரமாக மாற்றினார். எந்தத் தெருவில் வீடுகள் அதிகமாகச் சுத்தம் செய்யப்படுகின்றனவோ அந்தத் தெரு வழியாகவே ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். வீட்டுக்கு வீடு வெள்ளையடித்தார்கள். வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் தெரு கூட்டும் தோட்டிகள் புது வெள்ளை வஸ்திரம் தரித்து, மாலையணிந்து, கௌரவமாக நடந்தார்கள். அரக்கன் உருவத்தோடு பிளேக்கைப் பரப்பும் எலியின் பெரிய உருவமும் கொளுத்தப்பட்டது. ஜனங்களுக்குத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன. அபராதம் இல்லை, போலீஸ் இல்லை, பண்டிகையே சட்டமாயிற்று.

அதே இந்தூர் அறிக்கையில், ஊர்க் கழிவை நீரோடு கலந்து பெருஞ்செலவில் குழாய் வழியே ஆற்றில் கொண்டுவிடும் முறையை அவர் எதிர்த்தார். கழிவு எருவாகித் தோட்டத்துக்குப் போகவேண்டும். தோட்டம் காய்கனியாக ஊருக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் கொள்கை. மகாத்மா காந்தி 1918-ல் ஹிந்தி சாகித்ய சம்மேளனத்துக்குத் தலைமை வகிக்க இந்தூருக்கு வந்திருந்தார். அவ்வருஷம் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. இரு அக்டோபர் 2-ந் தேதிக்காரர்களும் துடைப்பத்தையும் எருவையும் ராஜ்ய விஷயமாகக் கருதியவர்கள் என்பது வியப்பன்று.

இந்தியத் தலைவர்களோடு அவருக்கிருந்த பழக்கம் அதற்கு முன்பே ஏற்பட்டது. 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியின்போது விவேகானந்த சுவாமிகளையும் நிவேதிதா தேவியையும் அவர் அறிவார். நிவேதிதா தேவி இந்திய வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் கெட்டிஸின் ஆராய்ச்சி முறைக்குத் தாம் பட்ட கடனை ஒப்புக்கொண்டிருக்கிறார். செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸின் சரித்திரத்தை 1920-ல் கெட்டிஸ் நூலாக எழுதி மேனாட்டாருக்கு அறிமுகப்படுத்தினார். ரவீந்திரநாத் டாகுரின் நண்பராக இருந்தார். இளைய குமாரர் ஆர்தர் ஸ்ரீநிகேதனத்தில் கிராமப் புனருத்தாரண வேலை செய்தார். 1919 முதல் 1924 வரை பம்பாய் சர்வகலாசாலையில் சமூக சாஸ்திரமும் நகர சாஸ்திரமும் கற்பிக்கும் முதல் பேராசிரியராகக் கெட்டிஸ் இருந்தார். இந்திய நகரங்களில் பதினெட்டுக்குக் குறையாதவற்றுக்கு அவர் அறிக்கை எழுதினார்.

இங்கே தேச பக்தர்கள் ஓர் ஆக்ஷேபம் சொல்லலாம். இவர் கவர்னரின் அழைப்பில் வந்தவர். சுதேச சமஸ்தானாதிபதிகளிடம் சம்பளம் பெற்றவர். அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடியவர் அல்லர். அப்படியிருக்க, இவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? ஆக்ஷேபம் உண்மையே. கெட்டிஸ் அரசியல்வாதியல்லர். ஆயினும் டில்லியில் சாம்ராஜ்யத்தின் மகிமையைக் காட்டப் புது நகரமும் பிரும்மாண்டமான தோட்டங்களும் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர் தஞ்சாவூர்ச் சந்தில் ஒரு புங்க மரத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. நம் ஜனங்களுக்கு ஊர் கட்டத் தெரியாது என்பது அந்நிய ஆட்சியின் அஸ்திவாரங்களில் ஒன்று. அந்த அஸ்திவாரத்தை அவர் அறிக்கைகள் பெயர்த்தன.

மற்றோர் ஆக்ஷேபம் இதைவிடக் கனமானது. அவர் வியந்த குளமும் வீதியும் கோயிலும் அக்காலத்தில் நம் ஜனங்களில் ஒரு பெரும்பகுதியாருக்கு அடைக்கப்பட்டிருந்தன. மதுரை மீனாக்ஷியம்மன் கோயிலில் ஹரிஜனங்கள் பிரவேசித்தது 1939 ஜூலையில்தான். ராஜதானி முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல்தான். அழகிய குளத்தில் ஒருவன் கை வைக்கக்கூடாது என்றால், அந்த அழகில் ஒரு பாதி பொய். கெட்டிஸ் நம் நகர அமைப்பின் நன்மையைக் கண்ட அளவுக்கு அதிலிருந்த இந்தக் குறையைக் கண்டு கண்டித்தார் என்று சொல்ல முடியாது. எனினும் இந்தூரில் தோட்டிகளை மாலையிட்டு முன்னால் நடத்தியவரும் அவரே. அந்த ஊர்வலம் எந்தத் திசையைக் காட்டியதோ அத்திசையில் நாம் இன்னும் வெகு தூரம் போகவேண்டும்.

அவருடைய குணத்திலும் குறைகள் உண்டு. தொடங்கிய நூல்கள் பல முடியவில்லை. கையெழுத்து வாசிக்க முடியாதது. பேசத் தொடங்கினால் நேரம் தெரியாது. பண விஷயத்தில் கவலையற்றவர். திட்டங்களில் நிறைவேறாதவையே மிகுதி. டன்பர்ம்லின் திட்டம் ஏடாகவே நின்றது. இந்திய அறிக்கைகளில் பெரும்பாலானவை சர்க்கார் அலமாரிகளில் தூங்கின. அவர் நட்ட மரங்களைவிட அவர் நட்ட எண்ணங்களே அதிகம் பிழைத்தன என்று சொல்லவேண்டும். அமெரிக்கத் தேசத்து லூயி மம்போர்ட் போன்ற சீடர்கள் அவ்வெண்ணங்களை உலகெங்கும் பரப்பினார்கள்.

உடல் நலிவுற்று 1924-ல் அவர் இந்தியாவை விட்டுத் தென் பிரான்ஸிலுள்ள மான்பெலியே நகருக்குச் சென்றார். அங்கே கல்லும் முள்ளும் நிறைந்த வறண்ட குன்றுச் சரிவில் நிலம் வாங்கி, பல தேசத்து மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு விடுதி கட்டினார். கட்டடத்தோடு தோட்டமும் எழுந்தது. எழுபது வயதைத் தாண்டிய கிழவர் பாறைகளுக்கிடையே மண் நிரப்பிச் செடி வைத்தார். 1932-ல் ஸர் பட்டம் வந்தது. அதே வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி, தாம் வைத்த தோட்டத்தின் நடுவிலுள்ள அந்த இல்லத்தில் அவர் காலமானார். தோட்டத்தில் தொடங்கிய வாழ்வு தோட்டத்திலே முடிந்தது.

இச்சரித்திரத்தைத் திருவண்ணாமலைக்குப் பொருத்திப் பார்ப்பது நம் கடமை. 2,668 அடி உயரமுள்ள அம்மலை ஒரு காலத்தில் காடு போர்த்தியிருந்தது. சென்ற நூற்றாண்டில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தீக்கும் இரையாகி மொட்டையாயிற்று. 1980-களின் இறுதியிலிருந்து தொண்டர்கள் கன்று நட்டு, தீயணைத்து, மலைக்கு மீண்டும் பசுமை கொண்டுவரப் பாடுபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஊர் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் மலையடிவாரத்தில் வேறு வீடில்லாத ஏழைகள் சரிவிலேயே குடியிருக்க நேர்ந்தது. 2024 டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் பெயர்ந்து விழுந்து, குழந்தைகள் உள்பட ஏழு பேர் மாண்டார்கள். மலையும் நீரும் வீடும் ஒரே கணக்கு என்பதை மறந்த ஊர் எவ்வளவு பெரிய விலை கொடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கெட்டிஸ் இன்று அவ்வூருக்கு வந்தால் என்ன செய்வார் என்று ஊகிப்பது கடினமன்று. முதலில் நடப்பார். மலையிலிருந்து மழைநீர் இறங்கும் ஓடைகள் எவை, அவை எங்கே அடைபட்டன, எந்தக் குளத்துக்கு வரத்து நின்றது, எந்த நந்தவனம் வாகனம் நிறுத்தும் இடமாயிற்று, எந்தத் துண்டு நிலம் குப்பைமேடாய்க் கிடக்கிறது என்று வார்டு வார்டாகக் கணக்கெடுப்பார். சரிவில் வசிக்கும் ஏழையைத் துரத்துவதை அவர் திட்டம் என்று கூறமாட்டார். ஊருக்குள்ளேயே அவனுக்குப் பாதுகாப்பான மனை தேடுவதைத்தான் திட்டம் என்பார். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் வந்து கூடும் லக்ஷக்கணக்கான ஜனங்களைச் சுமையாகக் கருதமாட்டார். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கன்றுக்கு ஒரு குடம் நீர் ஊற்றினால் மலை என்னவாகும் என்று கேட்பார்.

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. சர்க்கார் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை. எடின்பரோ சேரியில் பத்து ஏக்கரைக் கண்டுபிடித்தவர்கள் கையில் குறிப்புப் புத்தகத்தையும் காலில் செருப்பையும் தவிர வேறு கருவி இருக்கவில்லை. மேடைப் பிரசங்கத்தில் தேர்ந்த நம் ஊழியர்கள் வாரத்துக்கு ஒரு காலைப் பொழுதை இந்த நடைக்கு ஒதுக்குவார்களானால், ஒரு வருஷத்துக்குள் தங்கள் ஊரின் நாடியை அறிந்துவிடுவார்கள். நாடி அறிந்தபின் அதிகாரிகளிடம் கேட்பதற்கும், கேட்டதைப் பெறுவதற்கும் பலம் தானே வரும். குடியரசு என்பது ஓட்டுப் பெட்டியோடு முடிவதன்று. தன் தெருவின் மரத்தையும் குளத்தையும் தன் பொறுப்பாகக் கொள்ளும் குடிகளே அதன் வேர்.

அண்ணாமலையாருக்குப் பூமாலை சாத்தும் பக்தி நம்மிடம் குறையவில்லை. அந்தப் பூ எந்த மண்ணில் பூத்தது, அந்த மண்ணுக்கு நீர் எங்கிருந்து வந்தது, அந்த நீர் அடுத்த வருஷமும் வருமா என்று கேட்கும் பக்தியும் வேண்டும். அன்னிய நாட்டில் பிறந்து, தன் மனைவியின் உடலை நம் மண்ணிலேயே விட்டுச் சென்ற அந்தக் கிழவர் நம்மிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.